வானத்தில் மனிதன் வைத்த வேடிக்கை விண்மீன்கள்

2018ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் நியூசிலாந்து நாட்டின் மாகியா தீபகற்பத்திலிருந்து ஒரு சிறு ராக்கெட் கிளம்பிற்று. அதில் மூன்று சின்னஞ்சிறு செயற்கைக்கோள்கள் இருந்தன. நிலத்தைப் படம் பிடிப்பது, கப்பல்களின் போக்கைக் கண்காணிப்பது போன்ற வேலைகளுக்காக அனுப்பப்பட்டவை அவை. அவற்றோடு நான்காவதாக ஒரு பொருளும் போயிற்று. முன்கூட்டி யாருக்கும் அதைப்பற்றிச் சொல்லவில்லை. ஒரு மீட்டர் விட்டமுள்ள பந்து அது. கார்பன் இழையால் செய்யப்பட்டது. அதன் மேற்பரப்பு முழுவதும் பளபளக்கும் 65 தட்டையான பட்டைகள். அதற்குள் கருவி ஏதும் இல்லை; அது எதையும் அளக்கவில்லை, எந்தச் செய்தியையும் அனுப்பவில்லை. சுழன்று மின்னுவது மட்டுமே அதன் வேலை. ராக்கெட்டைக் கட்டிய நிறுவனத்தின் தலைவர் பீட்டர் பெக் அதற்கு ‘மானிட விண்மீன்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். உலகத்தார் அனைவரும் தலை நிமிர்ந்து ஒரே பொருளைப் பார்க்கவேண்டும் என்பதே தம் ஆசை என்றார்.

செய்தி வெளியானதும் சிலர் மகிழ்ந்தார்கள். வானியலறிஞர்கள் பலரோ எரிச்சலடைந்தார்கள். பிறர் வீட்டுச் சுவரில் கேட்காமல் கிறுக்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று சிலர் கேட்டார்கள்.

நாற்சந்தியில் ஒரு சிலை வைக்கிறார்கள். பிடிக்காதவர் வேறு தெரு வழியாகப் போகலாம். வானத்தில் வைத்தால் எந்தத் தெரு வழியாகப் போவது? விண்வெளிக் கலை என்பது கேட்பதற்கு விளையாட்டாக இருந்தாலும் அதன் அடியில் இருக்கும் கேள்வி இதுதான். ஆனால் வழக்கைப் பேசுவதற்குமுன் பொருளைத் தெரிந்துகொள்ளவேண்டும். இப்படி ஒன்றை வானில் ஏற்றி நம் கண்ணுக்குத் தெரியவைப்பது எப்படி?

கலசத்தின் மேல் கடைசி வெயில்

மாலையில் கோயில் வாசலில் நின்று பார்த்திருப்பீர்கள். தெருவில் இருட்டத் தொடங்கிவிடும். கோபுரத்தின் உச்சியிலுள்ள கலசம் மட்டும் சற்று நேரம் தகதகத்துக்கொண்டிருக்கும். நமக்கு மறைந்த கதிரவன் கலசத்துக்கு இன்னும் மறையவில்லை. செயற்கைக்கோளும் இப்படிப்பட்ட கலசமே. அதற்குத் தன்னொளி கிடையாது. நமக்கு இரவு வந்து, அதற்கு வெயில் தொடரும் வேளையில்தான் அது நம் கண்ணில் படும்.

அந்த வேளை எவ்வளவு நேரம்? உயரத்தைப் பொறுத்தது. 500 கிலோமீட்டர் உயரத்தில் நம் தலைக்கு நேர் மேலே ஒரு பொருள் இருப்பதாகக் கொள்வோம். சூரியன் நம் தொடுவானத்துக்குக் கீழே 22 பாகை இறங்கும்வரை அதன்மேல் வெயில் விழும். தமிழ்நாடு போன்ற நிலநடுக்கோட்டை அடுத்த பகுதிகளில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக, மணிக்குச் சுமார் 15 பாகை வீதம் இறங்குகிறது. ஆகவே மறைந்தபின் ஒன்றரை மணி நேரம்தான் வாய்ப்பு; விடியலுக்கு முன் இன்னொரு ஒன்றரை மணி. லண்டனில் ஜூன் மாதம் நிலைமை வேறு. அங்கே நள்ளிரவில்கூடச் சூரியன் 15 பாகைக்குமேல் இறங்குவதில்லை. இரவு முழுவதும் செயற்கைக்கோள்கள் மின்னிக்கொண்டே போகும். வானியலறிஞர்களின் எரிச்சலுக்கு இதுவும் ஒரு காரணம்.

பித்தளைக் குடமும் முகக்கண்ணாடியும்

நன்றாகத் துலக்கிய பித்தளைக் குடம் ஒன்றை வெயிலில் வையுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அதன் வயிற்றில் ஓரிடத்தில் சூரியன் ஒரு சிறு புள்ளியாக மின்னும். நடந்தால் புள்ளியும் நடக்கும். உருண்டையான கண்ணாடிப் பரப்பின் இயல்பு இது. எல்லாத் திசைகளுக்கும் ஒரே அளவில் ஒளியைப் பங்கிட்டுக் கொடுத்துவிடும். எல்லாருக்கும் கிடைக்கும், ஆனால் ஆளுக்குக் கொஞ்சம்.

வானில் இந்தக் குடத்தை முதலில் ஏற்றியவர்கள் கலைஞர்கள் அல்லர். 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அமெரிக்கா ‘எக்கோ-1’ என்னும் பெரிய பலூனை விண்ணில் விரித்தது. விட்டம் 30 மீட்டர். ஏறத்தாழப் பத்து மாடிக் கட்டடத்தின் உயரம். மைலார் என்னும் பிளாஸ்டிக் தாளில் அலுமினியம் பூசிச் செய்தது. அந்தத் தாளின் கனம் ஒரு மில்லிமீட்டரில் எண்பதில் ஒரு பங்குதான். அதை மடித்து 66 சென்டிமீட்டர் உருண்டைப் பெட்டி ஒன்றில் அடைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய பலூனை ஊதுவதற்குக் காற்றை எங்கிருந்து கொண்டு போவது என்று நினைப்பீர்கள். தேவையே இல்லை. வெளியே வெற்றிடம், எதிர்த்து அழுத்த எதுவுமில்லை. பென்சாயிக் அமிலம் போன்ற சில கிலோ பொடியை உள்ளே வைத்தார்கள். வெயில் பட்டதும் கற்பூரம்போல் அது நேரே ஆவியாகிப் பலூனை விரித்துவிட்டது.

அந்தப் பலூனின் உண்மையான வேலை, கீழிருந்து வரும் ரேடியோ அலைகளைத் திருப்பி எதிரொலிப்பது. அதிபர் ஐசன்ஹோவரின் பதிவு செய்யப்பட்ட குரல் அதன்மேல் பட்டுத் திரும்பியது. ஆனால் உலக மக்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டது குரலுக்காக அல்ல. 1600 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிமிக்க விண்மீன்களுக்கு நிகராக அது நகர்ந்து போயிற்று. பல நாடுகளில் செய்தித்தாள்கள் அது கடக்கும் நேரத்தை அச்சிட்டன. குடும்பத்தோடு வெளியே வந்து நின்று பார்த்தார்கள். 1964இல் போன எக்கோ-2 இன்னும் பெரியது, 41 மீட்டர். முதல் பலூன் 1968 மே மாதத்திலும், இரண்டாவது 1969 ஜூன் மாதத்திலும் காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்தன. உலகமெங்கும் உள்ளவர்கள் ஒன்றாக அண்ணாந்து பார்த்த முதல் பொதுச் சிற்பம் எதுவென்று என்னைக் கேட்டால், செய்தவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், எக்கோ-1ஐத்தான் சொல்வேன்.

இனித் தட்டையான கண்ணாடி. சிறுவர்கள் முகக்கண்ணாடியை வெயிலில் காட்டி எதிர்வீட்டுச் சுவரில் ஒளிவட்டம் ஆட்டுவார்கள். குடத்தின் ஒளியைப்போல் அது சிதறுவதில்லை. ஒரே திசையில் பாய்கிறது. என்றாலும் சற்று விரிகிறது. ஏனென்றால் சூரியன் புள்ளி அன்று. நமக்கு அது அரைப் பாகை அகலமுள்ள வட்டம். அந்த அரைப் பாகை விரிவு 500 கிலோமீட்டர் தூரத்தில் நாலரைக் கிலோமீட்டர் அகலமாகிவிடும். கண்ணாடி ஓர் அடியானாலும் நூறு அடியானாலும் நிலத்தில் விழும் வட்டம் ஏறத்தாழ இதே அளவுதான். வெளிச்சம் மட்டுமே கூடும், குறையும்.

இதை ரஷ்யர்கள் செய்தே பார்த்தார்கள். விண்கலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பொறியை வடிவமைத்துப் புகழ்பெற்ற விளாடிமிர் சிரோமியாத்னிகோவ் என்னும் பொறியியலறிஞர், சைபீரியாவின் இருண்ட நகரங்களுக்கு விண்ணிலிருந்து வெளிச்சம் தரலாம் என்று எண்ணினார். 1993 பிப்ரவரி 4ஆம் நாள் மீர் நிலையத்தை விட்டுப் பிரிந்த ஒரு சரக்குக் கலத்தின் நுனியில் 20 மீட்டர் அகலக் கண்ணாடித் தாள் சுழற்சியின் வேகத்தாலேயே குடைபோல் விரிந்தது. ‘ஸ்நாமியா’ என்று அதற்குப் பெயர். கொடி என்று பொருள். சுமார் 5 கிலோமீட்டர் அகலமுள்ள ஒளிவட்டம், நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில், பிரான்சின் தெற்கிலிருந்து ரஷ்யாவின் மேற்குவரை ஐரோப்பாவைக் கடந்து ஓடிற்று. முழுநிலவின் வெளிச்சம் என்று கணக்கு. அன்று ஐரோப்பாவின் பெரும்பகுதியை மேகம் மூடியிருந்தது! கீழே சிலர் மட்டும் ஒரு கணப் பளிச்சிடலைக் கண்டார்கள். 1999இல் 25 மீட்டர் கண்ணாடியோடு மறுபடி முயன்றபோது தாள் கலத்தின் ஆன்டெனாவில் மாட்டிக் கிழிந்துபோயிற்று. திட்டமும் அத்தோடு நின்றது.

நியூசிலாந்துப் பந்து குடமும் அன்று, முகக்கண்ணாடியும் அன்று, இரண்டின் கலப்பு. ஒரு மீட்டர் விட்டமுள்ள வழவழப்பான பந்தாக இருந்திருந்தால், 500 கிலோமீட்டர் தூரத்தில் கூர்ந்த பார்வையுள்ளவருக்கும் அது மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஆகவேதான் பட்டை தீட்டினார்கள். வைரத்துக்குப் பட்டை தீட்டுவது எதற்கோ அதற்காகவே. ஒவ்வொரு பட்டையும் ஒரு சிறு முகக்கண்ணாடி. பந்து சுழலும்போது அதன் ஒளிவட்டம் நிலத்தின்மேல் ஓடும். அது நம்மைக் கடக்கும் அந்த நொடித்துளியில் பளிச்சென்று ஒரு மின்னல், பிறகு இருட்டு, பிறகு அடுத்த பட்டை.

பெரிய பொருள், சிறிய புள்ளி

மின்னினால் போதாது, வடிவமும் தெரியவேண்டும் என்று ஒரு சிற்பி விரும்பினால் என்ன ஆகும்? நல்ல பார்வையுள்ள கண், ஒரு பொருளின் அகலத்தைப்போல் சுமார் 3,400 மடங்கு தூரம்வரைதான் அதைப் புள்ளியல்லாத ஒன்றாக அறியமுடியும். 500 கிலோமீட்டர் உயரத்தில் அப்படித் தெரிய 150 மீட்டர் அகலம் வேண்டும். அதுவும் ‘ஏதோ நீளமாக இருக்கிறது’ என்னும் அளவுக்குத்தான். நிலவைப்போல் வடிவம் தெளியவேண்டுமானால், தூரத்தில் 110இல் ஒரு பங்கு அகலம் வேண்டும். அதாவது கிலோமீட்டர் கணக்கில்.

அப்படியும் ஒரு திட்டம் வந்தது. பாரிஸ் நகரத்து ஈபில் கோபுரம் 1889இல் திறக்கப்பட்டது. அதன் நூற்றாண்டைக் கொண்டாட 1980களில் ஒரு போட்டி நடத்தினார்கள். அதில் வெற்றி பெற்றது ‘ஒளி வளையம்’ என்னும் யோசனை. நூறு ஆண்டுக்கு நூறு ஒளிரும் உருண்டைகள். அவற்றை மெல்லிய குழாய்களால் கோத்து 24 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையமாக 800 கிலோமீட்டர் உயரத்தில் சுழலவிடுவது. கணக்கிட்டுப் பாருங்கள்: வளையத்தின் விட்டம் ஏழரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 800ஐ 110ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ அதுவே வருகிறது. முழுநிலவின் அளவுள்ள ஒளிமாலை ஒன்று வானில் உலா வந்திருக்கும். அந்த உயரத்தில் அது ஜூன் மாதத்துப் பாரிஸில் நள்ளிரவிலும் நிழலுக்குள் போயிருக்காது. வானியலறிஞர்களிடமிருந்து கண்டனங்கள் குவிந்தன. வளையம் கைவிடப்பட்டது. அழகான கற்பனை என்பதை மறுக்கமுடியாது. ஆனால் ஒரு நகரத்தின் பிறந்தநாள் விளக்கை உலகம் முழுவதன் தலைக்குமேலும் ஏற்றிவைப்பது கொஞ்சம் அதிகம்தான்.

பெட்டியை விட்டு வெளிவராத சிற்பம்

அமெரிக்காவில் டிரெவர் பாக்லன் என்று ஒரு கலைஞர். இரகசிய உளவுச் செயற்கைக்கோள்களைத் தொலைநோக்கி வழியாகப் படம் பிடித்துப் பெயர் பெற்றவர். விண்வெளியில் இருப்பவையெல்லாம் இராணுவத்துக்கோ வணிகத்துக்கோ அறிவியலுக்கோ உழைப்பவையாகவே இருக்கின்றன. எதற்கும் பயன்படாத, பார்ப்பதற்கு மட்டுமேயான ஒன்று இருக்கலாகாதா என்று கேட்டார். ரினோ நகரிலுள்ள நெவாடா கலை அருங்காட்சியகம் அவருக்குத் துணை நின்றது. பத்து இலட்சம் டாலருக்குமேல் செலவாயிற்று. 30 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமுமுள்ள, நீண்ட வைர வடிவப் பலூன் ஒன்றை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செய்து, செங்கல் அளவுள்ள பெட்டிக்குள் மடித்து வைத்தார்கள். மேலே போய் விரிந்து, சப்தரிஷி மண்டலத்து விண்மீன் அளவுக்கு ஒளிர்ந்து, சில மாதங்களில் தானே விழுந்து எரிந்துவிடவேண்டும் என்பது ஏற்பாடு. முன்னே சொன்ன கணக்கை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் நீளமிருந்தும், கீழிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் புள்ளியாகவே தெரிந்திருக்கும். உருவம் யார் கண்ணுக்கும் படாத சிற்பம்!

2018 டிசம்பர் 3ஆம் நாள் கலிபோர்னியாவிலிருந்து அது கிளம்பிற்று. தனியாக அல்ல, அதே ராக்கெட்டில் மொத்தம் 64 செயற்கைக்கோள்கள். இங்கேதான் சிக்கல் வந்தது. அத்தனையும் நெருக்கமாக இறக்கிவிடப்பட்டதால் எது எதுவென்று இனம் காண்பதற்கே பல நாட்கள் பிடித்தன. 30 மீட்டர் பலூனைக் கண்டபடி விரித்து யார்மேலாவது மோதினால்? ஆகவே விரிப்பதற்கு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, வரவு செலவுத் தகராறு ஒன்றால் டிசம்பர் 22ஆம் நாள் முதல் அமெரிக்க அரசு அலுவலகங்கள் பல மூடிக்கிடந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, 35 நாட்கள். அலுவலகங்கள் திறந்தபோது பெட்டியோடு இருந்த ரேடியோத் தொடர்பு அறுந்துபோயிருந்தது. 2019 மே மாதம் அருங்காட்சியகம் முயற்சியைக் கைவிட்டதாக அறிவித்தது. ராக்கெட் தவறவில்லை, தாள் கிழியவில்லை; கையெழுத்துப் போட ஆளில்லாமல் ஒரு கலைப்பொருள் பெட்டிக்குள்ளேயே முடிந்துபோயிற்று.

இந்தச் சிற்பத்தையும் வானியலறிஞர்கள் எதிர்த்திருந்தார்கள். பாக்லன் திருப்பிக் கேட்டார்: நூற்றுக்கணக்கான இராணுவக் கோள்களும் வணிகக் கோள்களும் தலைக்குமேல் போகும்போது வராத கோபம், ஒரே ஒரு கலைப்பொருள் போகும்போது மட்டும் ஏன் வருகிறது?

கேள்வி நியாயமானதே. வானியலறிஞர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர்கள் நகரத்து விளக்குகளுக்கு அஞ்சி மலையேறியவர்கள். நம் ஜவ்வாது மலைப் பகுதியில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்ததும் இருட்டைத் தேடித்தான். தெருவிளக்கு தொந்தரவு செய்தால் இன்னொரு மலைக்குப் போகலாம். மேலே போகும் விளக்குக்கு அஞ்சி எங்கே போவது? மங்கலான விண்மீன் திரளை நெடுநேரம் படம் பிடிக்கையில் ஒளிமிக்க பொருள் ஒன்று குறுக்கே போனால், படத்தில் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுப் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையின்படி விண்வெளி எந்த நாட்டின் சொத்தும் அன்று. ஆனால் தனியார் எதை ஏவினாலும் அதற்கு அவருடைய நாடே பொறுப்பு. அனுமதி கொடுத்துக் கண்காணிக்கவேண்டும். 1993இல் ஓர் அமெரிக்க நிறுவனம் விண்ணில் பிரம்மாண்டமான விளம்பரப் பலகை தொங்கவிடப்போவதாகச் சொன்னபோது பெரும் கூச்சல் எழுந்தது. தொலைநோக்கி இல்லாமல் நிலத்திலிருந்து கண்டுகொள்ளக்கூடிய விளம்பரத்தை ஏவ உரிமம் வழங்கக்கூடாது என்று இன்று அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. விளம்பரத்துக்குத்தான் இந்தத் தடை. கலைக்கு இல்லை. தற்செயலாக ஒளிரும் வணிகக் கோளுக்கும் இல்லை.

அந்தக் கடைசி வகைதான் வானத்தை உண்மையில் மாற்றியது. மானிட விண்மீன் 2018 மார்ச் 22ஆம் நாள் எரிந்து முடிந்தது. பதினான்கு மாதம் கழித்து, 2019 மே மாதம், ஸ்டார்லிங்க் இணையச் சேவைக்காக 60 செயற்கைக்கோள்கள் ஒரே நாளில் ஏவப்பட்டன. மின்னும் ரயில்வண்டிபோல் அவை வரிசையாகப் போனதை உலகமே வியந்து பார்த்தது. 2018 முடிவில் இயங்கும் செயற்கைக்கோள்கள் மொத்தமே சுமார் 2,000தான். இன்றோ ஸ்டார்லிங்க் மட்டும் பல ஆயிரம். 2022 நவம்பரில் ‘புளூவாக்கர்-3’ என்னும் செல்பேசிச் செயற்கைக்கோள் 64 சதுர மீட்டர் ஆன்டெனாவை விரித்ததும், வானில் ஒளிமிக்க விண்மீன்களுக்கு நிகராகிவிட்டது. பாக்லனின் பலூன் எட்ட நினைத்ததைவிட அதிக ஒளி. யாரும் அதைச் சிற்பம் என்று அழைக்கவில்லை. எரிந்து மறையும்படி திட்டமிட்ட இரண்டு பொம்மைகளுக்காக எழுந்த கூச்சலில் ஒரு பங்காவது இவை வருவதற்குமுன் எழுந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஊர் கேட்காமல் கண்ணில் விழும் கலையைவிடக் கண்ணுக்கே படாத கலை பாதுகாப்பானது என்று நினைக்கலாம். 1971 ஆகஸ்டில் அப்பல்லோ-15 வீரர் டேவிட் ஸ்காட், பெல்ஜிய நாட்டுச் சிற்பி பால் வான் ஹொய்டோங்க் செய்த விரல்நீள அலுமினியப் பொம்மையை நிலவு மண்ணில் கிடத்திவிட்டு வந்தார். உயிர்நீத்த விண்வெளி வீரர்களின் நினைவாக வைத்தது. அதனால் யாருக்கும் இடையூறு இல்லை. 2018 பிப்ரவரி 6ஆம் நாள் ஈலான் மஸ்க்கின் நிறுவனம் தன் புதிய ராக்கெட்டைச் சோதிக்கக் கல்லும் மண்ணும் ஏற்றாமல், அவருடைய சொந்தச் சிவப்பு மோட்டார் காரையே ஏற்றி அனுப்பியது. ஓட்டுநர் இருக்கையில் விண்வெளி உடை அணிந்த பொம்மை. அந்தக் கார் இப்போது சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சில வேளை செவ்வாயின் பாதைக்கு அப்பாலும் போய்வருகிறது. வேடிக்கை அத்தோடு முடியவில்லை. 2025 ஜனவரி 2ஆம் நாள், சிறுகோள்களுக்குப் பதிவேடு வைக்கும் அனைத்துலக மையம், பூமிக்கருகே புதிய சிறுகோள் ஒன்று காணப்பட்டதாக அறிவித்து அதற்கு எண்ணும் கொடுத்தது. மறுநாளே அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அது அந்தக் கார்! பூமியை நெருங்கும் பாறைகளைத் தேடிக்கொண்டிருப்பவர்களின் நேரம் இப்படியும் செலவாகிறது.

இன்றும் மின்னும் பந்து

நியூசிலாந்துப் பந்து ஒன்பது மாதம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டே மாதத்தில் விழுந்தது. அதன் பாதையின் தாழ்ந்த பகுதி 300 கிலோமீட்டர் அளவில் இருந்தது. அங்கும் காற்று மிகமிக மெல்லியதாக இருக்கத்தான் செய்கிறது. ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 10 கிலோ எடையே உள்ள பொருள் அந்தக் காற்றில் பஞ்சுபோலத் தடைபட்டு வேகம் இழந்துவிட்டது.

அதே மாதிரியான இன்னொரு பந்து இருக்கிறது. ஜப்பானியர்கள் 1986 ஆகஸ்டில் ஏவியது. ‘அஜிசாய்’ என்னும் பூவின் பெயர் வைத்தார்கள். விட்டம் 2.15 மீட்டர், எடை 685 கிலோ, மேலே 318 கண்ணாடிகள். அவற்றுக்கிடையே 1,436 கண்ணாடிக் கட்டிகள், கீழிருந்து அனுப்பும் லேசர் ஒளியை வந்த வழியே திருப்பியனுப்பும். தீவுகளுக்கிடையே தூரத்தைத் துல்லியமாக அளப்பதற்காகச் செய்தது. கனமான பந்து, உயரமும் 1,500 கிலோமீட்டர், காற்றின் கை அங்கே எட்டுவதில்லை. ஏவியபோது நிமிடத்துக்கு 40 சுற்றுச் சுழன்றது. பூமியின் காந்தப்புலம் அதன் உலோகப் பகுதிகளில் சிறு மின்னோட்டங்களைத் தூண்டுவதால் சுழற்சி சிறிது சிறிதாகக் குறைந்து வருகிறது. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் 50 பாகை வரை போவதால் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் மேலாக அது கடந்துபோகும். நேர அட்டவணை பார்த்து, நிலவில்லாத மாலையில், ஊர் விளக்குகளை விட்டு விலகி நின்று பைனாகுலரில் தேடுங்கள். சூரியன் மறைந்து இரண்டரை மணி நேரம்வரை அதன்மேல் வெயில் இருக்கும். விண்மீன்களுக்கிடையே நொடிக்கொருதரம்போல் ஒரு பொறி தெறித்துத் தெறித்து நகர்ந்து போவதைக் காணலாம்.